கரடிநெய்யும் மூவகைப் பிரிப்பும்

விலங்கின் தோலுக்கு அடியிலும் குடலைச் சூழ்ந்தும் சிறுநீரகத்தைப் பொதிந்தும் படிந்திருக்கும் வெண்ணிற இழையம் நிணம் எனப்படும்; அந்நிணத்திலிருந்து வெப்பத்தால் பிரித்தெடுக்கும் தூய கொழுப்பு ஊன்நெய் எனப்படும். இரண்டையும் ஒன்றாகவே பேசுவது உலக வழக்கு. அறிவியல் அவற்றை வேறுபிரித்தே நோக்கும். நிணம் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் தன் உடலின் பெரும்பகுதியை ஒரே கொழுப்புத் துளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தான் அதனைச் சுற்றிய மெல்லிய உறையாகச் சுருங்கி நிற்கும். அவ்வுயிரணுக்களை நார்ப்புரத வலையொன்று கட்டி நிறுத்தும். வலையின் இடைவெளிகளில் நீரும் குருதிக்குழாய்களும் அமைந்திருக்கும். ஊன்நெய்யில் உறையும் இல்லை, வலையும் இல்லை, நீரும் இல்லை; கொழுப்பு ஒன்றே எஞ்சும். நிணத்தை ஊன்நெய்யாக்கும் தொழிலை இக்கட்டுரை உருக்கெடுப்பு என வழங்கும். வெண்ணெய் உருக்கி நெய்யெடுக்கும் தமிழ் வீட்டார்க்கு இத்தொழிலின் நெறி புதிதன்று. நீரை ஆவியாக்கிப் போக்கி, புரதத்தைக் கசடாகப் படியவைத்து, கொழுப்பை மட்டும் வடித்தெடுப்பதே இரண்டிடத்தும் நிகழ்வது.

இத்தொழிலை ஆராய்வோர்க்கு வீட்டு விலங்கினும் காட்டு விலங்கே வளமான களம். ஒரே தீனி தின்று தொழுவத்தில் வளரும் பன்றியின் கொழுப்பு ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே இயல்பினது. காட்டு விலங்கின் கொழுப்போ அது தின்ற பழத்தையும் பட்ட குளிரையும் பெற்ற வயிற்றின் அமைப்பையும் தன்னுள் பதிந்துவைத்திருக்கும். அவ்விலங்குகளுள் வட அமெரிக்கக் கருங்கரடி தனியிடம் பெறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் அதன் நெய் அடுப்புக்கும் சென்றது, துப்பாக்கிக்கும் சென்றது, வாணிகப் பொருளாக நியூ ஆர்லியன்சு நகருக்கும் சென்றது. அதனை உருக்கிய முறையை உடனிருந்து கண்டு எழுதிவைத்தவரும் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கரடி வேட்டையைத் தடுப்பதால், ஈண்டுக் கூறுவது நம்மவர் அறிவுக்கு உரியதேயன்றி அடுப்புக்கு உரியதன்று.

கொழுப்பின் கட்டமைப்பை முதன்முதல் தெளிவாகக் கண்டவர் பிரான்சு நாட்டு வேதியியலார் மிசெல் செவ்ரல். அவருக்கு முன்பே, 1779இல், சுவீடனின் கார்ல் சீலே ஒலிவ நெய்யைச் சிதைத்து இனிப்பான குழம்பு ஒன்றைப் பெற்றிருந்தார். இன்று மருந்துக் கடையில் கிளிசரின் என விற்கும் அக்குழம்பை இன்களி எனலாம். செவ்ரல் பத்தாண்டுக்கு மேல் உழைத்து, விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய தம் பெருநூலை 1823இல் வெளியிட்டார். கொழுப்பு என்பது தனிப்பொருள் அன்று. இன்களியோடு காடிகள் கூடிய சேர்மம் அது என நிறுவியதே அந்நூலின் பயன். பாடநூல்கள் கொழுப்பு அமிலம் எனக் குறிக்கும் இக்காடிகள் ஒவ்வொன்றும் கரிம அணுக்கள் கோத்த சங்கிலி. சங்கிலியின் ஒரு முனை நீரையும், உலோகம் எனப்படும் மாழையையும் நாடும் தலை, மற்றது எதனையும் நாடாத வால். மூன்று காடிகள் ஓர் இன்களியில் தலைகளைப் பிணைத்துக்கொண்டால் அதுவே ஒரு கொழுப்பு மூலக்கூறு. ஆகவே கொழுப்புக்குக் கொழுப்பு காணும் வேற்றுமை முழுவதும் அம்மூன்று காடிகள் எவை என்பதில் அடங்கிவிடுகிறது.

காடிகளை வகைப்படுத்த இரு அளவுகள் போதும்: சங்கிலியின் நீளம், சங்கிலியில் உள்ள வளைவு. கரிம அணுக்கள் யாவும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்து, இடமுள்ள வரை நீரகத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் அது நிறைகாடி. சங்கிலி நேராக நிற்கும். நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது குறைகாடி. அவ்விடத்தில் சங்கிலி மடங்கும். நேர்ச்சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்வதால் அவற்றைப் பிரிக்க மிகுந்த வெப்பம் வேண்டும். மடங்கிய சங்கிலிகள் நெருங்க மாட்டாமையால் சிறு வெப்பத்திலேயே நெகிழ்ந்து ஓடும். 18 கரிம அணுக்களுடைய நிறைகாடியான தியரிக் காடி 69 பாகை செல்சியசில்தான் உருகும். அதே 18 அணுக்களும் நடுவில் ஒரே ஒரு மடிப்பும் உடைய ஒலியிக் காடி 13 பாகை அளவிலேயே உருகிவிடும். நீளம் ஒன்று, எடையும் ஏறத்தாழ ஒன்று. ஒரு மடிப்பால் விளைந்த இடைவெளி 50 பாகைக்கு மேல். வாணலியில் ஒழுகும் நெய்யும் வாயின் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும் கொழுப்பும் இந்த ஒரு மடிப்பால்தான் வேறுபடுகின்றன.

எந்த விலங்கில் எந்தக் காடி மிகும் என்பதை அதன் வயிறு முடிவுசெய்கிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள், புல்லிலும் தழையிலும் வரும் குறைகாடிகளின் இரட்டைப் பிணைப்புகளில் நீரகத்தைச் சேர்த்து அவற்றை நிறைகாடிகளாக மாற்றிவிடும். அதனால்தான் மான் எத்தகைய இளந்தளிரை மேய்ந்தாலும் அதன் கொழுப்பு கடினமாகவே இருக்கும். உருக்கி ஊற்றிய மான்நெய் சற்று ஆறியதுமே கட்டியாகிவிடும். உண்பவர் வாயில் பூசிக்கொண்டு நீங்காது. மெழுகுத்திரிக்கும் தோலுக்கும் அது நன்று, கறிக்கு நன்றன்று. அசைபோடாத விலங்குகளின் வயிற்றில் இத்தகைய மாற்றம் நிகழ்வதில்லை. தின்றதன் கொழுப்பு பெரிதும் தின்றபடியே நிணத்தில் படிகிறது. கரடி இவ்வகையினது. இலையுதிர் காலத்தில் கருவாலி மரக் கொட்டைகளை அது வாரித் தின்னும்; கருவாலிக் கொட்டையின் எண்ணெயில் ஒலியிக் காடி மிகுதி; ஆகவே கரடிநெய்யிலும் அதுவே மிகுதி. மீனையே தின்று பருத்த கரடியின் நெய்யில் மீன் வாடையும் குறைகாடியும் மிகுந்து விரைவில் கெடும். கொட்டையும் பழமும் தின்ற கரடியின் நெய்யை வேட்டைக்காரர் விரும்பிக் கேட்பது இதனாலேயே.

கரடிகளுள்ளும் வேற்றுமை உண்டு. அமெரிக்க மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிசும் கிளார்க்கும், 1805ஆம் ஆண்டு மே திங்களில் மிசௌரி ஆற்றங்கரையில் வீழ்த்திய பெரும்பழுப்புக் கரடியின் கொழுப்பை உருக்கிப் பீப்பாயில் நிரப்பச் செய்தனர். ஆறியதும் அது பன்றிநெய்யைப் போல் இறுகியது என்றும், கருங்கரடியின் நெய்யைவிட மிகக் கடினமானது என்றும் லூயிசு தம் நாட்குறிப்பில் எழுதினார். செவ்ரலின் நூல் வெளிவர இன்னும் 18 ஆண்டுகள் இருந்த காலம் அது. காடியும் சங்கிலியும் அறியாத ஒருவர் உருகுநிலை வேற்றுமையைக் கண்ணால் அளந்து பதிந்திருக்கிறார்.

குளிருக்கும் இதில் பங்குண்டு. வடதுருவ நாடுகளின் பனிமான் காலில், உடலை ஒட்டிய மேலெலும்பின் மச்சை கட்டியாகவும் குளம்பை நெருங்கிய கீழெலும்பின் மச்சை நெகிழ்வாகவும் இருக்கும். குளம்பு பனியில் நிற்பது. அங்கு உடல் வெப்பம் மிகக் குறைவு. அவ்விடத்துக் கொழுப்பு உறைந்தால் மூட்டு அசையாது. ஆகவே ஒரே விலங்கின் ஒரே காலில் மேலிருந்து கீழாக உருகுநிலை படிப்படியாகத் தாழ்கிறது. மாட்டின் பாதத்தையும் கணைக்கால் எலும்பையும் கொதிக்கவைத்தெடுக்கும் நெய் தோலுக்கும் நுண்பொறிக்கும் ஏற்றதாகப் பெயர் பெற்றதும் இவ்வொழுங்கினாலேதான்.

கரடி கொழுப்பைச் சேர்ப்பது குளிர்கால உறக்கத்துக்காக. திங்கட்கணக்கில் அது உண்ணாது, நீரும் பருகாது. ஒரு கிராம் மாவுப்பொருள் தரும் ஆற்றல் 4 கிலோகலோரி எனில், ஒரு கிராம் கொழுப்பு தருவது 9 கிலோகலோரி; மேலும் ஒரு கிராம் கொழுப்பு உடலில் எரியும்போது ஒரு கிராமுக்குச் சற்று மிகுதியான நீரும் பிறக்கிறது. எனவே கரடியின் நிணம் அதன் உணவுக் களஞ்சியம் மட்டுமன்று, நீர்த்தொட்டியும் ஆகும். உறங்கப் போகும் கரடியை வேட்டையாடியவர்க்குக் கிடைத்தது குளிர்காலம் முழுமைக்கும் அது சேர்த்துவைத்த முதல்.

இனி உருக்கெடுப்புக்கு வருவோம். அதன் முதல் படி வெப்பப் பிரிப்பு. நிணத்தில் ஒட்டிய தசையையும் குருதித் துணுக்கையும் முதலில் அறவே வெட்டி நீக்குவர். அவை விரைவில் கருகி நெய்க்குக் கசப்பையும் நிறத்தையும் ஏற்றும். மணச்சுரப்பி உடைய சிறு விலங்குகளில் அச்சுரப்பி உடையாமல் எடுக்கப்படாவிட்டால் பானை முழுதும் வீண். பின்பு நிணத்தைச் சிறு துண்டுகளாக நறுக்குவர். துண்டு சிறிதாகச் சிறிதாக வெப்பம் எல்லா உயிரணுவையும் ஒருசேர எட்டும். அடிகனத்த அகன்ற கலத்தில் சிறிது நீர் ஊற்றித் துண்டுகளைப் போட்டு மெல்லிய தீயில் வைப்பர். அந்நீர் துண்டுகளின் அடி தீயாமல் காக்கும். கொழுப்பு சிறிது கசிந்து தானே அடியை நனைத்தபின் அந்நீருக்கு வேலையில்லை.

நார்ப்புரத வலை 60 பாகைக்கு மேல் சுருங்கத் தொடங்கி, பின் மெல்ல இளகிப் பசையாகும். வலை இளக, உயிரணுவின் உறை கிழிய, உள்ளிருந்த கொழுப்பு வெளிப்பட்டு ஒன்று கூடும். 100 பாகையை எட்டியதும் கலம் சலசலக்கும். கொதிப்பது நிணத்தில் இருந்த நீரே, கொழுப்பு அன்று. நீர் உள்ள அளவும் வெப்பநிலை அந்த எல்லையை விட்டுப் பெரிதும் ஏறாது. உருக்குபவர் அறிந்தோ அறியாமலோ நீரையே தம் வெப்பமானியாகக் கொண்டிருக்கிறார். குமிழிகள் சிறுத்து ஓசை அடங்கினால் நீர் தீர்ந்தது என்பது பொருள். அதன்பின் வெப்பநிலை தடையின்றி ஏறும், துண்டுகள் பொன்னிறமாகும், அந்நிலையில் இறக்கி மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். இறக்காவிட்டால் இன்களி சிதைந்து, கண்ணைக் கரிக்கும் புகை எழும். அப்புகையின் வாடை நெய்யில் ஏறினால் போக்குவது அரிது. வடித்தபின் துணியில் தங்கும் மொறுமொறுப்பான சக்கையை உப்பிட்டு உண்பதும் சோள மாவில் கலந்து சுடுவதும் வட அமெரிக்க வழக்கம்.

இப்படி நீரை ஓட்டிவிட்டு வறுத்தெடுப்பது வறண்ட உருக்கெடுப்பு. நிறைய நீரில் நிணத்தைக் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பை ஆறியதும் தட்டாக எடுப்பது ஈர உருக்கெடுப்பு. கொழுப்பின் அடர்த்தி நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கே என்பதால் அது மேலே நிற்கும். உப்பும் புரதக் கசடும் நீரிலேயே தங்கும். முன்னதில் வறுமணம் உண்டு; பின்னதில் மணம் குறைவு, நிறம் வெண்மை. சமையலறை முன்னதை விரும்பும். உயவுக்கு, அதாவது இரு பரப்புகளின் உராய்வைத் தணிக்கும் பணிக்கு, பின்னதே மேல். உப்பு ஒட்டிய நெய்யைத் துப்பாக்கிக் குழலில் பூசுவது அதனைத் துருவுக்கு ஒப்படைப்பதாகும்.

மிசிசிப்பிப் படுகையில் லெ பாசு து பிரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1718 முதல் 1734 வரை வாழ்ந்தார். அப்படுகையின் பழங்குடியினரான நாச்செசு மக்களின் அருகில் குடியிருந்தவர். தாம் கண்டவற்றை 1758இல் பாரிசில் நூலாக வெளியிட்டார். கரடிநெய்யைத் தூய்மை செய்யும் முறையை அவர் இவ்வாறு விளக்குகிறார்: உருக்கிய நெய்யை நன்கு சூடாக்கி, அதில் ஒரு கைப்பிடி லாரல் இலைகளை இட்டுப் பொரித்து, பின் உப்பு கரைத்த நீரை அதன்மேல் தெளிப்பர், சிறு வெடிப்போசையுடன் அடர்ந்த புகை எழும்பி, நெய்யில் இருந்த கெட்ட நாற்றத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். அதன்பின் நெய்யைக் கலத்தில் ஊற்றி நாட்கணக்கில் அசையாமல் வைப்பர். மேலே தெளிந்த நெய்யும் கீழே வெண்ணிறக் கட்டியும் பிரிந்து நிற்கும். மேலதை அகப்பையால் மொண்டெடுப்பர். அது சிறந்த ஒலிவ நெய்க்கு ஈடு என்பது அவர் மதிப்பீடு. பிரான்சு நாட்டார் ஒருவர் ஒலிவ நெய்யோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தால், நாவில் வைத்துப் பார்த்தே சொல்லியிருப்பார் எனக் கொள்ளலாம்.

இவ்விளக்கத்தில் இரண்டாம் பிரிப்பும் மூன்றாம் பிரிப்பும் அடங்கியுள்ளன. நாற்றத்தைத் தருவன சிறு மூலக்கூறுகள். அவை எளிதில் ஆவியாகுவன. கொழுப்பு மூலக்கூறோ மிகப் பெரிது. எத்துணைச் சூடேற்றினும் ஆவியாகாமல் சிதைவது. சூடான நெய்யின் ஊடே நீராவி பாய்ந்தால், அந்நீராவிக் குமிழிகளுக்குள் சிறு மூலக்கூறுகள் குடியேறி மேலே போய்விடும். இதுவே நீராவிப் பிரிப்பு. இன்றைய எண்ணெய் ஆலைகள், காற்றை வெளியேற்றிய உயர்ந்த கலங்களில் 200 பாகைக்கு மேல் சூடான எண்ணெயின் ஊடே நீராவியைச் செலுத்தி மணம் நீக்குவது இதே நெறியால்தான். தெளித்த நீர் நெய்யில் பட்ட நொடியில் ஆவியாகி வெடித்ததையே லெ பாசு ஓசையாகக் கேட்டார், புகையாகக் கண்டார். ஆலைக்கலம் இல்லாத இடத்தில் இது தீக்காயத்துக்கு அஞ்சாதவர் வேலை. சூடான நெய்யில் நீர் விழுந்தால் நெய் கலத்தைத் தாண்டிச் சிதறும்.

மூன்றாவது குளிர்ப்பிரிப்பு. கரடிநெய் ஒரே வகை மூலக்கூறால் ஆனதன்று. மடிப்பு மிகுந்தவையும் மடிப்பற்றவையும் கலந்தது. மெல்ல ஆறும்போது மடிப்பற்ற சங்கிலிகளை மிகுதியாக உடையவை முதலில் அடுக்கிக்கொண்டு படிகமாகும். மற்றவை நீர்மமாகவே எஞ்சும். விரைந்து குளிர்வித்தால் நுண்படிகங்கள் நீர்மத்தைத் தம்மிடையே சிறைப்பிடித்து எல்லாம் குழம்பாகிவிடும். மெல்லக் குளிர்வித்தால் படிகங்கள் பருத்துக் கீழிறங்கும். ஆகவே அசையாமல் பல நாள் வைத்ததே இதன் உயிர்நிலை. மேலே நின்ற தெளிநெய் பச்சைக் கறிக்கும் பொரியலுக்கும் பயன்பட்டது. கீழே நின்ற கட்டி பன்றிநெய்க்கு மாற்றாகியது.

இத்தெளிநெய்யை ஏற்றிச்செல்ல அப்படுகையின் பழங்குடியினர் மானின் தோலைக் கிழிக்காமல் முழுதாக உரித்துப் பையாக்கினர். துளைகளைக் கொழுப்பும் சாம்பலும் குழைத்த பசையால் அடைத்தனர். அப்படி ஒரு மான்தோல் நிறைந்த நெய்க்கு ஒரு துப்பாக்கியை மாற்றாகத் தர பிரெஞ்சு வணிகர் அணியமாயிருந்தனர் என்பதிலிருந்து அதன் மதிப்பை உணரலாம். பின்னாளில் அர்க்கன்சா பகுதியிலும் மரத்தைக் குடைந்த தொட்டிகளில் கரடிநெய்யைத் தேக்கி ஆற்றுவழியே அனுப்பினர் என்பது வழிவழிச் செய்தி. அங்கு எண்ணெய்த் தொட்டி என்றே பொருள்படும் ஆயில் டிராஃப் என்னும் சிற்றூர் இன்றும் உள்ளது.

சமையலுக்கு வேண்டிய பண்புகள் மூன்று: வறுக்கும் சூட்டில் புகையாமை, மணம் அடங்கியிருத்தல், கெடாமை. பொரிக்க 170 முதல் 180 பாகை போதும். தூய பன்றிநெய் புகையத் தொடங்குவது 190 பாகை அளவில். நன்கு வடித்த ஊன்நெய்கள் பலவும் இதனை ஒட்டியே நிற்கும். புகைநிலையைத் தாழ்த்துவது வடிக்காத கசடும் பிணைப்பு அறுந்த காடியும். எஞ்சிய நீர் இருந்தால் அது காடிகளை இன்களியிலிருந்து பிரித்துவிடும். உயிர்வளி பட்டால் இரட்டைப் பிணைப்புகள் அரிக்கப்பட்டுக் காறல் ஏறும். மடிப்பு மிக மிக நெகிழ்ச்சி மிகும், அதே அளவில் காறலும் விரையும். இயற்கை ஒன்றைத் தந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஒளி, செப்பு, இரும்பு மூன்றும் காறலைத் தூண்டுவதால், வாய்வரை நிரப்பி இருட்டில் குளிர்ச்சியாக வைப்பதே காக்கும் வழி.

உயவின் நெறி வேறு. 1883இல் இங்கிலாந்தின் பீச்சம் டவர், தொடர்வண்டி அச்சின் தாங்கியை ஒலிவ நெய், பன்றிநெய், திமிங்கில நெய், பாறைநெய் எனப் பலவற்றால் ஆராய்ந்தார். தாங்கியின் மேற்புறத்தில் இட்ட துளை வழியே நெய் பொங்கி வந்தது. அதனை மரக்கட்டையால் அடைத்தார். சுழலும் அச்சு அக்கட்டையையும் மெல்லப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டது. சுழற்சியே நெய்யை இடுக்கினுள் இழுத்து, அச்சு முழுவதையும் தூக்கிப் பிடிக்கும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை ஆசுபர்ன் ரெனால்சு 1886இல் கணிதத்தால் நிறுவினார். இதனை மிதவை உயவு எனலாம். இங்கு வேண்டுவது நெய்யின் குழைமை ஒன்றே. ஊன்நெய்யோ பாறைநெய்யோ எதுவும் தகும்.

ஆனால் பொறி நிற்கும்போதும் தொடங்கும்போதும் மெல்ல அழுந்தி நகரும்போதும் மிதப்பு இராது. மாழையும் மாழையும் மூலக்கூறு அளவே பருத்த படலத்தால் மட்டும் பிரிந்திருக்கும். இந்த எல்லை உயவை 1922இல் வில்லியம் ஆர்டி ஆராய்ந்து, சங்கிலி நீள நீள உராய்வு குறைவதைக் காட்டினார். ஊன்நெய்யின் மேன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. பிணைப்பு அறுந்த காடி சிறிதளவு எந்த ஊன்நெய்யிலும் இருக்கும்; அக்காடியின் தலை மாழையைப் பற்றிக்கொள்ள, வால் வெளிநோக்கி நிமிர்ந்து நிற்கும்; எதிர்ப்பரப்பின் மீதும் அவ்வாறே; வாலும் வாலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். தூய பாறைநெய்யில் தலை இல்லை, ஆகவே பற்றும் இல்லை. பாறைநெய்யில் நூற்றில் ஒரு பங்கு கொழுப்புக் காடி சேர்த்தாலே உராய்வு தணியும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியியலார் கண்டு, அதனைத் தொழிலாகவே நடத்தினர்.

அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளின் நீள்துப்பாக்கியில், ஈயக் குண்டைச் சிறு துணித்துண்டில் பொதிந்தே குழலுக்குள் இடிப்பர். அத்துணி நெய்யில் தோய்ந்திருக்கும். துப்பாக்கியின் மரக்கட்டையில் குடைந்த சிறு பேழையில் அத்துணிகள் இருக்கும். நெய் குண்டை வழுக்கி இறங்கச்செய்யும். வெடிமருந்து எரிந்து படியும் கரிக்கசடை இளக்கும். இரும்பை ஈரத்திலிருந்து காக்கும். குளிர்காலத்திலும் உறையாத கரடித் தெளிநெய் இதற்கு மிக ஏற்றது.

காடியின் பற்று அளவு மீறினால் அரிப்பாகும். காறிய நெய் பித்தளையைத் தின்று பச்சை வழலையை, அதாவது சோப்பை, உண்டாக்கும். பழைய மணிப்பொறியைத் திறப்போர் அப்பச்சையை நன்கறிவர். நீராவிப் பொறியின் உருளைக்குள் ஊற்றிய கொழுப்பைச் சுடுநீராவி சிதைத்துக் காடியாக்க, அக்காடி இரும்பை அரித்தது. உயரழுத்த நீராவி வந்தபின் அவ்விடத்தைப் பாறைநெய் பிடித்ததற்கு இதுவே ஏது.

மணிப்பொறிக்கு வேண்டிய நெய் உறையக்கூடாது, காறக்கூடாது, பரவி ஓடக்கூடாது. இம்மூன்றையும் நிறைவு செய்ததாக 19ஆம் நூற்றாண்டினர் கண்டது ஓங்கிலின் தாடைநெய். அமெரிக்காவின் நியூ பெட்போர்டு துறைமுகத்தில் வில்லியம் நை இதனைப் பிரித்தெடுத்து விற்றார். அதன் நெகிழ்ச்சிக்கு அடிப்படையை செவ்ரல் 1817இலேயே ஓங்கில் நெய்யில் கண்டிருந்தார். ஐந்தே கரிம அணுக்கள் கிளைத்து நிற்கும் சிறு காடி அது. உருகுநிலை சுழியத்துக்குக் கீழ் 29 பாகை. வேறெந்த விலங்கும் பெரும்பாலும் சேர்க்காத இக்காடியை ஓங்கில் ஏன் தன் தாடையில் சேர்க்கிறது என்பதற்கு விடை பிற்காலத்தில் கிடைத்தது. ஓங்கில் நீருக்குள் ஒலியைக் கேட்பது கீழ்த்தாடை வழியே. அத்தாடையில் நிறைந்த தனிக்கொழுப்பு எதிரொலியை உட்காதுக்குச் செலுத்துகிறது. அக்கொழுப்பில் ஒலியின் விரைவு அதன் காடிகளைப் பொறுத்தது. செவிக்கென அமைந்த நெய்யை மனிதன் மணிப்பொறிக்குள் வைத்தான்.

ஆங்கிலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலம் எனப்படும் தலைத்திமிங்கிலத்தின் நெய்யோ பெரும்பாலும் இன்களி அற்றது. ஒரு கொழுப்புக் காடி, ஆல்ககால் எனப்படும் வெறியத்துள் நீண்ட சங்கிலி உடைய ஒன்றோடு நேரே பிணைந்த மெழுகுநெய் அது. மனிதக் குடல் அதனைச் செரிக்காது, அப்படியே வெளியேற்றிவிடும். கரடிநெய்யைப் போல் இருபணி செய்ய அதனால் இயலாது. அது பொறிக்கும் விளக்குக்கும் மட்டுமே உரியது. ஆயினும் நியூ பெட்போர்டு ஆலைகள் அதனைத் தூய்மை செய்த முறை நாச்செசு நாட்டுக் கலத்தில் நிகழ்ந்ததே. காய்ச்சிய நெய்யைப் பீப்பாய்களில் குளிர்காலம் முழுதும் உறையவிட்டு, உறைந்த கூழைக் கம்பளிப் பைகளில் இட்டு அமுக்கினர். கடுங்குளிரிலும் வழிந்தோடியது முதல்தர நெய். எஞ்சியதை இளவேனிலில் மீண்டும் அமுக்க அடுத்த தரம். முடிவில் நின்ற வெண்கட்டி மெழுகுத்திரியாயிற்று. 1970இல் அமெரிக்க அரசு தலைத்திமிங்கிலத்தை அழியும் உயிர்ப் பட்டியலில் சேர்த்து அதன் நெய் இறக்குமதியைத் தடுத்தபோது, தானியங்கிப் பல்லிணைப்பெட்டி உடைய சீருந்துகள் வரை அந்நெய்யை நம்பியிருந்தன. மாற்றாகக் கிடைத்தவற்றுள் ஒன்று வட மெக்சிக்கோப் பாலைநிலத்தின் ஒகோபாப் புதர். அதன் விதைநெய்யும் மெழுகுநெய்யே.

மான்தோலின் துளையை அடைத்த கொழுப்பு, சாம்பல் பசைக்கும் இன்று ஒரு வழித்தோன்றல் உண்டு. சாம்பலின் காரம் காடியோடு கூடினால் வழலையாகும். வழலையின் நுண்ணிழைகள் நெய்யைப் பிடித்துவைத்தால் ஒழுகாத மசகாகும். தமிழ்நாட்டில் வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்கு இட்டது கரியால் தடித்த மசகு. 1942இல் அமெரிக்கர் கிளாரன்சு எர்ல் உரிமம் பெற்றது லித்தியம் வழலையால் தடித்த மசகு. உலகில் இன்று விற்கும் மசகில் பெரும்பகுதி இவ்வகையினது. அதன் வழலைக்கு வேண்டிய காடி ஆமணக்கு நெய்யில் நீரகத்தைச் சேர்த்துப் பெறப்படுகிறது, அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நுண்ணுயிரி செய்யும் அதே வினையால். அவ்வாமணக்கில் மிகுதியானது குசராத்து வயல்களில் விளைகிறது.